சேலைக் கடைக்கு எந்த போன்? ஒரு நீண்ட பதில்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார்: "தங்கச்சி, தீபாவளிக்கு முன்னால் புது போன் ஒன்று எடுக்கலாம் என்றிருக்கிறேன். கடையின் இன்ஸ்டாகிராம், டிக்டாக், வாட்ஸ்அப் எல்லாம் அதில்தான் ஓடணும். 6,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் போடத் தயார். மடக்குப் போன் எடுக்கவா, ஏஐ போன் எடுக்கவா? அக்கா மகன் ஏபி செட் (வேறு நாட்டுக்காகச் செய்து இங்கே கொண்டுவந்து விற்கும் போன்) எடுத்தால் மலிவு என்கிறான். நீ இந்தத் தொழிலிலேயே இருக்கிறாய், அதனால் கேட்கிறேன்மா."

அண்ணே, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாயிரத்தையும் ஒரே போனில் கொட்டாதீர்கள். 2,000 முதல் 3,000 வெள்ளிக்குள் நல்ல கேமராவோடு வரும் நடுத்தர போன் போதும். மீதியில் இரண்டு விளக்கு, ஒரு காலர் மைக், விளம்பரத்துக்குக் கொஞ்சம், அதோடு செகண்ட் ஹேண்டில் மலிவு ஆண்ட்ராய்டு போன் ஒன்று. இதில் எதை விட்டாலும் அந்தக் கடைசி போனை விடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

கோலாலம்பூரில் நான் விளம்பர வேலை பார்ப்பது பெரும்பாலும் நம்மவர் கடைகளுக்குத்தான். மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை, பிரிக்பீல்ட்ஸில் நகைக்கடை, செந்தூலில் வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்பவர்கள். செப்டம்பரில் ஆப்பிள் புது ஐபோனைக் காட்டி முடித்ததும் மறுநாள் காலையில் யாராவது ஒருவர் லிங்கை அனுப்பிவிடுவார். "இதை எடுத்தால் யாவாரம் கூடுமா?" எடுக்கிறவருக்குச் சந்தோஷம் கூடும், அதில் சந்தேகமில்லை. யாவாரம் வேறொரு போனைப் பொறுத்தது. வாங்குகிறவர் கையில் இருக்கிற போன்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் நாலு வருடப் பழைய ரெட்மியோ, சாம்சங் ஏ வரிசையோ. கண்ணாடி மூலையில் விரிசல். எழுத்து தெரியவில்லை என்று பெரிதாக்கி வைத்திருக்கிறார். கண் கூசக்கூடாது என்று போட்ட மஞ்சள் வடிகட்டியைப் பகலிலும் அணைப்பதில்லை. காலை வணக்கப் படங்களால் போன் நிறைந்துபோய், வாட்ஸ்அப்பில் படம் தானாக இறங்குவதை மகன் நிறுத்தி வைத்திருக்கிறான். உங்கள் தீபாவளிப் போஸ்டர் அவருக்கு முதலில் மங்கலான சதுரமாகத்தான் போய்ச் சேரும். தொட்டால் இறங்கும். இறங்கினால் கடை முகவரி, மூன்று தொலைபேசி எண், சலுகை, சாமி படம், நாலு சேலை எல்லாம் ஒன்றில் திணித்திருக்கும். இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பார். விரல் முதலில் விலைக்குப் போகாது, கரைக்குப் போகும். கரையும் முந்தானையும் தெளிவாக இருந்தால்தான் மற்றதைப் படிப்பார். இல்லையென்றால் உங்கள் போஸ்டர் தள்ளப்பட்டு அடுத்த கடைக்காரருடையது வந்துவிடும்.

அந்த அக்கா பார்ப்பதை நீங்களும் பார்க்க வேண்டும் என்றால் அதே மாதிரி போன் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி, வடிகட்டியைப் போட்டு, திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த விளம்பரமும் வெளியே போகும் முன் அந்தப் போனுக்கு அனுப்பி, அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையில், வெளிச்சம் படும் பக்கம் நின்று பாருங்கள். இப்போது கையில் இருக்கும் போன் பழைய ஆண்ட்ராய்டு என்றால் அதுவே போதும், தனியாக வாங்க வேண்டாம். எங்கள் அலுவலக மேசை இழுப்பறையிலும் இப்படிப் பழசுகள் கிடக்கின்றன. வாடிக்கையாளர் வந்தால் அவற்றை எடுத்துத்தான் வடிவமைப்பைக் காட்டுவேன், பெரிய திரையில் காட்டுவதில்லை. பெரிய திரையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

சரி, கேமராவுக்கு வருவோம். 200 மெகாபிக்சல் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். 2023-இல் சாம்சங் எஸ்23 அல்ட்ராவில் வந்தது அப்படி ஒன்று. சாதாரணமாகப் படம் எடுக்கும்போது அது 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, கடைசியில் 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. அதை எங்கே போடப்போகிறீர்கள்? இன்ஸ்டாகிராமில் நிமிர்ந்த பதிவின் வழக்கமான அளவு 1080-க்கு 1350 புள்ளி. பெருக்கிப் பாருங்கள், ஒன்றரை மெகாபிக்சல்கூட வராது. வாட்ஸ்அப் அனுப்பும்போதே சுருக்கிவிடும். 2023 ஆகஸ்டில் அதில் எச்டி வசதி வந்தது, அதை அழுத்தி அனுப்பினால் கரை வேலைப்பாடு ஓரளவு தப்பும். ஆக, மெகாபிக்சலுக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது நிறம்.

நிறத்தில் கொஞ்சம் நிற்கிறேன், உங்கள் தொழிலே அதில்தான் இருக்கிறது. வாடாமல்லிப் பட்டு ஒன்றைக் கடை விளக்குக்குக் கீழே விரித்து, எதையும் மாற்றாமல் ஒரு படம் எடுங்கள். பெரும்பாலும் சிவப்பும் நீலமும் உச்சத்தில் போய் முட்டி, நெசவே தெரியாமல் ஒரே வண்ணத் திட்டாக வரும். அரக்கு பளீரென்ற சிவப்பாகிவிடும். வெங்காயச் சருகு வெறும் ரோஸ் ஆகிவிடும். காரணம் இதுதான்: படத்தில் வெள்ளை எது என்று போன் தானே ஊகித்து, மற்ற நிறங்களை அதற்கேற்ப நகர்த்துகிறது. திரை முழுக்க ஒரே நிறத் துணியாக இருந்தால் ஊகிக்க அதற்குப் பிடிமானம் இல்லை. மாம்பழ மஞ்சள் சேலையை நெருக்கமாக எடுத்தீர்கள் என்றால், அறை விளக்குதான் மஞ்சள் போலிருக்கிறது என்று முடிவுகட்டி மஞ்சளையே குறைத்துவிடும்.

மயில்கழுத்து அதைவிடச் சிக்கல். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், தலையைச் சாய்த்தால் நீலம் பச்சையாகும். ஒரே ஒரு நிலைப்படத்தில் அந்தச் சேலை என்ன நிறம் என்று சொல்லவே முடியாது. அதற்குக் காணொளிதான் வழி. முந்தானையை ஒரு கையில் பிடித்து, வெளிச்சத்தை நோக்கி மெதுவாகச் சாய்த்து, திரும்ப இழுத்தால் போதும். 15 விநாடி தாண்ட வேண்டாம், பின்னால் பாட்டும் வேண்டாம்.

இதற்கு மேல் திரை என்று ஒன்று இருக்கிறது. 2016-இல் வந்த ஐபோன் 7-லிருந்து ஆப்பிள் போன்கள் அகலமான நிற வரம்பில் படம் எடுத்து அப்படியே காட்டுகின்றன. மலிவுத் திரைகள் பலவற்றுக்கு அந்த வரம்பு எட்டாது. சாம்சங்கில் அமைப்புகளுக்குள் போனால் 'விவிட்', 'நேச்சுரல்' என்று இரண்டு திரை நிலை இருக்கும். விவிட்டில் எல்லாச் சேலையும் முகூர்த்தச் சேலைதான். உங்கள் போனில் சரியாகத் தெரிந்த அரக்கு அந்த அக்காவின் போனில் வேறாகத் தெரிவதில் யார்மேலும் தப்பில்லை. ஆனால் பார்சலைப் பிரித்து, "படத்துல பார்த்த கலரு இது இல்லையே" என்று அவர் திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

செய்ய வேண்டியது சுலபம். காலை ஒன்பது, பத்து மணிக்கு அஞ்சடி நிழலில் மேசையைப் போடுங்கள். நேர் வெயில் வேண்டாம், சாலையில் பட்டுத் தெறித்து உள்ளே வரும் வெளிச்சம்தான் வேண்டும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் நமக்கு இலவசமாகத் தந்த ஸ்டூடியோ அது. சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளும் படத்துக்குள் வரட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். திரையில் சேலைமேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அதன்பின் வெளிச்சத்தை ஒரு துளி கீழே இறக்குங்கள், வாடாமல்லியில் காணாமல் போன நெசவு திரும்பி வரும். ஃபில்டர், பியூட்டி எதுவும் வேண்டாம். படத்துக்குக் கீழே நிறத்தின் பெயரை எழுதுங்கள்: அரக்கு, ராமர் பச்சை, கத்தரிப்பூ. திரை ஏமாற்றினாலும் நம் அக்காமார்களுக்கு அந்தப் பெயர் போதும்.

தீபாவளிக்கு முந்திய செப்டம்பர், அக்டோபர்தான் பினாங்கில் கொட்டு கொட்டென்று மழை கொட்டும் காலம், அஞ்சடியை நம்பி உட்கார முடியாது. அதற்குத்தான் விளக்கு வாங்கச் சொன்னேன். பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருக்கும். 100-ஐ நெருங்க நெருங்க நிறம் உள்ளபடி தெரியும். 95-க்குக் கீழே இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கடைகளில் சாதாரணமாக மாட்டும் எல்இடி 80-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த வெளிச்சத்தில் முதலில் அடிபடுவது ஆழ்ந்த சிவப்பு, பட்டுச் சேலை அடுக்கில் பாதி அதுதானே.

இன்னொன்று, கடைக்குள் எடுக்கும் காணொளியில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். போன் கெட்டுவிட்டது என்று பலர் மாற்றியே விடுகிறார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. போன் விநாடிக்கு 30 படம் என்று எடுக்கும்போது இரண்டும் ஒத்துப்போவதில்லை. கேமராவில் கையால் அமைக்கும் 'புரோ' நிலைக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். ஐபோனில் கேமரா அமைப்புகளில் 'பால்' (PAL) வடிவங்களைக் காட்டச் சொல்லி விநாடிக்கு 25 படம் என்று மாற்றுங்கள். அநேகமாகப் பட்டை நின்றுவிடும். ஒரு காசு செலவில்லை.

மைக் விஷயம் சுருக்கமாக: எதிர்க்கடை ஸ்பீக்கரும் மோட்டார் சைக்கிளும் இருக்கிற தெருவில் போனின் சொந்த மைக்கை வைத்துப் பேசாதீர்கள். கம்பியில்லாக் காலர் மைக் ஒன்று எடுங்கள். 2023-இல் ஐபோன் 15-லிருந்து ஆப்பிளும் யூஎஸ்பி-சிக்கு வந்துவிட்டதால் ஒரே மைக் இரண்டு வகைப் போனிலும் செருகும்.

இப்போது மடக்குப் போன். எனக்குப் பிடிக்காது என்று சொல்லமாட்டேன். 2019-இல் முதல் கேலக்ஸி ஃபோல்டு வந்தபோது கால் கிலோவுக்கு மேல், சட்டைப்பையில் போட்டால் சட்டை தொங்கும். 2025 ஜூலையில் வந்த ஃபோல்டு 7, 215 கிராம், விரித்தால் 4.2 மில்லிமீட்டர் தடிப்பு. மூன்றாக மடிக்கும் ஹுவாவே மேட் எக்ஸ்டியின் உலக வெளியீடு 2025 பிப்ரவரியில் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. அப்போது விலை 14,999 வெள்ளி. விரித்தால் 10.2 அங்குலம். என்னைப்போல் விளம்பரக் கணக்குகளை வழியில் பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு அந்தத் திரை ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 2019-இல் அமெரிக்கத் தடை வந்தபிறகு வெளியான ஹுவாவே மாடல்களில் கூகுள் சேவைகள் இல்லை. கூகுள் மேப்பில் கடையைப் பராமரிக்கிறவர்களுக்கு அது தினசரித் தலைவலி.

உங்களுக்கு மடக்கு வகையில் உண்மையாக உதவக்கூடியது சின்ன ஃபிளிப் போன். பாதி மடித்து மேசையில் வைத்தால் முக்காலியே வேண்டாம். வெளித்திரையில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்க நல்ல கேமராவில் பேசலாம். தனியாளாகக் கடை நடத்துகிறவருக்கு அது வசதி. ஆனால் சேலைக் கடையில் நாள் முழுக்கப் பறப்பது நூல் தூசி. ஃபோல்டு 7-க்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்புத் தரம் ஐபி48. அதில் 8 தண்ணீருக்கு, 4 தூசிக்கு. அந்த 4-க்கு அர்த்தம், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிய பொருள் உள்ளே போகாது என்பதுதான். நூல் தூசி அதைவிட எவ்வளவு பொடி என்று உங்களுக்கே தெரியும். கீலுக்குள் அது போய் உட்கார்ந்தால் திரையை மாற்றும் செலவில் இன்னொரு போன் வாங்கலாம்.

மடக்கு இல்லாத போன்களில் எனக்குப் பிடித்த ஒரு மாற்றம் உண்டு. 2025-இல் வந்த ஐபோன் 17-இல் முன்கேமரா சென்சாரைச் சதுரமாக்கிவிட்டார்கள். போனை நிமிர்த்திப் பிடித்தபடியே அகலப்படம் எடுக்கலாம், முன் பின் இரு கேமராவிலும் ஒரே நேரத்தில் காணொளியும் எடுக்கலாம். ஒரு கையில் சேலையையும் மறு கையில் போனையும் பிடித்துக்கொண்டு நேரலை போகிறவர்களுக்கு இது நிஜமான உதவி. ஆனால் இதற்காக மட்டும் கூடுதலாக ஆயிரம் வெள்ளி கொடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன்.

ஏஐயைப் பற்றி எல்லாரும் போன் வாங்குகிறவர் பக்கமிருந்தே பேசுகிறார்கள். நான் சேலை வாங்குகிறவர் பக்கமிருந்து பேசுகிறேன். 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24-உடன் கூகுள் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. திரையில் எது இருந்தாலும் விரலால் ஒரு வட்டம் போட்டால் அதே பொருள் இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். இப்போது மலிவான ஏ வரிசை மாடல்கள் பலவற்றிலும் வந்துவிட்டது. ஐபோனில் கூகுள் லென்ஸ் வழியாகக் கிட்டத்தட்ட அதையே செய்யலாம்.

சுங்கை பட்டாணியில் ஒரு பெண் உங்கள் பதிவைப் பார்க்கிறாள். சேலை பிடித்திருக்கிறது. வட்டம் போடுகிறாள். நீங்கள் போட்டது சூரத் மொத்த வியாபாரி அனுப்பிய கேட்டலாக் படம் என்றால், அதே மாடல், அதே நிற்பு, அதே மல்லிகைப்பூவோடு கிள்ளானில் ஒரு கடை, சிங்கப்பூரில் ஒரு கடை, இந்தியாவில் பத்து கடை வரிசையாக வந்து நிற்கும், ரூபாய் விலையோடு. அடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வருவது, "அண்ணே, இந்தியால 1,500 ரூபாதானே போட்டிருக்கு?" கப்பல் கூலி, வரி, கடை வாடகை என்று நீங்கள் விளக்குவதற்குள் அவள் போய்விடுவாள்.

அதே சேலையை உங்கள் கடைப் பொம்மைக்குக் கட்டி, உங்கள் மர அலமாரி பின்னால் தெரிய நீங்களே எடுத்த படத்தில் வட்டம் போட்டால் அவ்வளவு துல்லியமாகப் பொருத்தம் காட்டாது. காட்டினாலும், அந்தப் படத்தில் சேலையோடு கடையும் இருக்கிறது. ஃபால்ஸ் அடித்துத் தருவீர்கள், ரவிக்கை தைக்க ஆள் வைத்திருக்கிறீர்கள், நேரில் வந்து தொட்டுப் பார்க்கலாம். இதையெல்லாம் படத்திலேயே காட்டுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். வாங்குகிறவரின் போன் புத்திசாலி ஆகிவிட்டதால் இரவல் படத்தை வைத்து விற்கும் காலம் முடிந்துகொண்டு வருகிறது. கடந்த சில வருடப் புதுமைகளில் சேலைக் கடையை உலுக்கியது எது என்று கேட்டால் நான் கை காட்டுவது இந்த வட்டத்தைத்தான்.

விற்கிறவர் பக்கத்து ஏஐ? பின்னணியை வெட்டி எடுப்பது, குறுக்கே வந்த ஒயரை அழிப்பது, இதற்கெல்லாம் பரவாயில்லை, கூகுள் போட்டோஸிலேயே இலவசமாக இருக்கிறது. ஆனால் சேலையை மட்டும் கொடுத்து ஒரு மாடலுக்குக் கட்டிவிடச் சொன்னால் பெரிதாக்கிப் பாருங்கள். கரை தோளில் ஏறும்போது ஒரு டிசைன், இறங்கும்போது வேறு டிசைன். கொசுவத்தில் புட்டா காணாமல் போயிருக்கும். ஜரிகை ஓரத்தைப் பின்னணி என்று நினைத்து நறுக்கியிருக்கும். இல்லாத கரையைக் காட்டி விற்றால் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. பொருளைப் பற்றித் தவறாகக் காட்டி விற்பதை 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: "விலைக்கு பிஎம் பண்ணுங்க", அதாவது தனியாகச் செய்தி அனுப்பிக் கேளுங்கள் என்று போடுவதை நிறுத்துங்கள். இணையத்தில் விற்பவர் முழு விலையையும் காட்ட வேண்டும் என்பது விதி. விதியை விடுங்கள், விலை இல்லாத படத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

தமிழில் எழுதுவதற்கு ஏஐ போன் வேண்டும் என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு அஞ்சலைக் கொண்டுவந்தவர். அவருடைய செல்லினம் 2005-இல் கைப்பேசிக்கு வந்துவிட்டது. 2017-இலிருந்து கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் இருக்கிறது, அதன் மொழிப் பட்டியலில் மலேசியத் தமிழ் என்று தனியாகவே ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துக் கடையில் பேசுகிறபடியே பேசுங்கள். ஏஐயிடம் விளம்பர வாசகம் கேட்டால் "அதிரடித் தள்ளுபடி, முந்துங்கள்" என்று சென்னை டிவி பாணியில் தரும், நடுவில் ரூபாயும் வரும். உங்கள் லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார் தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

5ஜி பற்றிக் கேட்கவில்லை, ஆனால் விற்பனையாளர் சொல்லுவார். 2021 டிசம்பரில் நம் நாட்டில் 5ஜி தொடங்கியது, இன்று நடுத்தர போன்களில் பெரும்பாலானவற்றில் அது உண்டு, தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. பழைய கடைவீட்டின் தடித்த சுவருக்குள் எந்த ஜியும் தடுமாறும். டிக்டாக் நேரலைக்குப் பதிவேற்ற வேகம்தான் கணக்கு. கடை வைஃபையைக் கல்லாவிலிருந்து படம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள்.

ஒரு இடைச்செருகல். இந்தப் போன் பேச்செல்லாம் கலிபோர்னியா, கொரியா என்று போகிறது, ஆனால் 1972-இல் இன்டெல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்ததிலிருந்து சிப்புகளைப் பொதிந்து, சோதித்து அனுப்பியதில் நம் பினாங்குப் பெண்களின் கை நிறைய இருக்கிறது. உங்கள் கடைக்கு ஷிப்ட் முடிந்து சேலை எடுக்க வந்தவர்களில் எத்தனை பேர் அந்த பேக்டரி பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

விளம்பரச் செலவுக்கு வருகிறேன், இதுவும் போன் கதைதான். 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஐஓஎஸ் 14.5-ஐ வெளியிட்டது. அதிலிருந்து ஒரு செயலி உங்களை மற்றச் செயலிகளிலும் பின்தொடர வேண்டும் என்றால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். பெரும்பாலோர் வேண்டாம் என்று அழுத்தினார்கள். இதனால் 2022-இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் நடத்தும் மெட்டாவே சொன்னது. உங்களுக்கு இதில் என்ன? இணையத்தளத்துக்கு ஆளை அனுப்பும் விளம்பரத்தில் யார் வாங்கினார் என்று கண்டுபிடிப்பது முன்னைவிடக் கடினம். ஆனால் தொட்டதும் நேராக வாட்ஸ்அப்பில் திறக்கும் விளம்பரத்தில் பேச்சு உங்கள் கையிலேயே இருக்கிறது. எந்தப் படத்தைப் பார்த்து யார் கேட்டார்கள் என்று அங்கேயே தெரியும். சின்னக் கடைக்கு அதுதான் சரி. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் சேலைகளைக் கேட்டலாக்காக அடுக்குங்கள். ஒரே கணக்கை நாலு கருவிகளில் கூடுதலாக இணைக்கலாம், கடைப் பிள்ளைகளும் பதில் சொல்லட்டும். பழைய பில் புத்தகத்திலிருந்து எண்களை எடுத்துக் கேட்காமலேயே செய்தி அனுப்பாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம். தவிர, உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவருக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போய்ச் சேரவே சேராது.

பட்ஜெட் போடும்போது விளம்பரப் பணத்துக்கு மேல் 8 சதவீதச் சேவை வரி சேர்த்துக்கொள்ளுங்கள், 2024 மார்ச் முதல் அதுதான் விகிதம். தீபாவளி எந்தத் தேதியில் விழுகிறது என்றும் பாருங்கள். 2023-இல் நவம்பர் 12, அதாவது நவம்பர் 11-இல் இணையக் கடைகள் நடத்தும் 11.11 விற்பனைக்கு மறுநாள். அப்படி வந்தால் பெரிய பெரிய நிறுவனங்கள் விளம்பர இடத்துக்கான ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவார்கள், உங்கள் 50 வெள்ளி காலையிலேயே கரைந்துவிடும். அந்த மாதிரி வருடத்தில் மூன்று வாரம் முன்னதாகவே செலவழித்துவிடுங்கள். நம் ஆட்கள் ரவிக்கை தைக்கக் கொடுப்பதும் அப்போதுதான்.

ஏபி செட். அக்கா மகன் சொல்வது பொய்யில்லை, கோலாலம்பூர் லோ யாட்டிலும் பினாங்கு கொம்தாரிலும் போன் கடைகளில் கேட்டாலே விலை குறைவாகத்தான் சொல்வார்கள். ஆனால் அது வேறொரு நாட்டுக்காகச் செய்த போன். அமெரிக்காவுக்கான ஐபோன்களில் 2022-இல் வந்த 14-லிருந்து சிம் அட்டைக்கு இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். ஜப்பான் செட் சிலவற்றில் படம் எடுக்கும் சத்தத்தை அணைக்க முடியாது. சீனச் செட் ஆண்ட்ராய்டில் கூகுள் சேவைகளும் நம் மொழிகளும் இல்லாமல் போவது சகஜம். கெட்டுப்போனால் உற்பத்தியாளரின் மலேசிய வாரண்டி கிடைக்காது, கடைக்காரர் கொடுக்கும் வாரண்டிதான். மகனுக்கு விளையாட ஒன்று என்றால் ஏபி எடுங்கள். கடையின் பணமும் ஆர்டரும் ஓடும் போனுக்கு மலேசியாவில் விற்கச் சான்று பெற்றதைக் காட்டும் சிரிம் முத்திரை உள்ள ஒரிஜினல் செட்டே எடுங்கள். எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். எஸ்24-லிருந்து சாம்சங் தன் உயர்வரிசைக்கு ஏழு வருடம் என்கிறது, மலிவான ஏ16-க்கே ஆறு. அப்டேட் நின்ற போனில் ஒருநாள் வங்கிச் செயலியும் நின்றுவிடும்.

எப்போது வாங்கினாலும் தீபாவளி வாரத்தில் போனை மாற்றாதீர்கள். 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னபிறகு வங்கிகள் ஒருவருக்கு ஒரு கருவி என்று கட்டிப்போட்டுவிட்டன. புதுக் கருவியைப் பதிந்தால் சில மணி நேரம் பணம் அனுப்ப விடாது. கூட்டம் நிற்கும் சனிக்கிழமை மாலையில் அது நடந்தால் நூல்காரருக்கும் தையல்காரருக்கும் பதில் சொல்ல முடியாது. ஒரு மாதம் முன்னதாக, கடை அடைத்திருக்கும் நாளில் மாற்றுங்கள். முதலில் வாட்ஸ்அப் உரையாடல்கள் முழுதாக வந்துவிட்டனவா என்று பழைய ஆர்டர் ஒன்றைத் தேடிப் பாருங்கள். பிறகு வங்கிச் செயலியைப் பதியுங்கள். கடைசியாக அண்ணியை விட்டு, கடையில் பணம் கட்ட ஸ்கேன் செய்யும் டியூட்நவ் கியூஆரில் ஒரு வெள்ளி கட்டச் சொல்லி, வரவுத் தகவல் புதுப் போனில் வருகிறதா என்று பார்த்தபிறகு பழையதிலிருந்து வெளியேறுங்கள்.